பொறுத்தலும் பொருந்துதலும்

வடமொழியில் 'க்ஷமா' என்னும் சொல்லுக்குப் பொறுமை என்றும் பூமி என்றும் இரு பொருள்கள் உண்டு. உழுபவனையும் மிதிப்பவனையும் ஒருங்கே சுமப்பதால் நிலமகளுக்கு அப்பெயர் பொருந்திற்று. ஸ்ரீராமபிரானின் கல்யாண குணங்களை அடுக்கிச் சொல்லும் வால்மீகி முனிவர், பொறுமையில் அவனைப் பூமிக்கே ஒப்பிடுகிறார். அந்நிலத்தில் அவதரித்த சீதாப்பிராட்டியும், இராவண வதம் முடிந்தபின், தன்னைத் துன்புறுத்திய அரக்கியரைத் தண்டிக்க அநுமதி வேண்டிய அநுமனைத் தடுத்தருளினாள். ஏவலுக்குக் கட்டுப்பட்டுச் செய்தவர்கள்மேல் சினம் கொள்ளலாகாது என்பது அவள் திருவுள்ளம். தண்டிக்கும் வல்லமை கைக்கெட்டியிருந்த வேளையில் பொறுத்தாளாதலின், பொறுமை என்பது வலுவற்றவனின் மௌனம் அன்று என்பது விளங்கும்.

கூரத்தாழ்வான் வேண்டிய வரம்

நம் ஸம்பிரதாயத்தில் இக்குணத்துக்கு எல்லைநிலமாக நின்றவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் தோன்றி, எம்பெருமானார் ஸ்ரீராமாநுஜருக்கு முதன்மைச் சீடராய் விளங்கியவர். சோழன் அவையில் நாலூரான் என்பவனுடைய தூண்டுதலால் அவர் தம் கண்களை இழக்க நேர்ந்ததைக் குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன. பின்னொரு நாள், பேரருளாளனிடம் கண்ணை வேண்டிப் பெறுக என்று உடையவர் நியமித்தார். ஆழ்வானோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

இவ்வரலாற்றைக் கண்ணிழந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, பிற சமயத்தார்மேல் பகை மூட்டுவாரும் உளர். அவர்கள் ஆழ்வானின் துன்பத்தை மட்டுமே சொல்கிறார்கள்; ஆழ்வானைச் சொல்வதில்லை. வரத்தோடு முடியும் கதையைக் காயத்தோடு முடிப்பது அவருக்குச் செய்யும் அபசாரமாகும்.

1368-ஆம் ஆண்டின் உடன்படிக்கை

ஒருவர் பொறுப்பது ஒரு படி. இரு கூட்டத்தார் பொருந்தி வாழ்வது அடுத்த படி. இதற்குச் சான்று கர்நாடகத்தில் சிரவணபெளகொளாவில் உள்ள ஒரு கல்வெட்டு. அதில் குறைப்பட்டவர்கள் ஜைனர்கள். குறை சொல்லப்பட்டவர்களோ நம் ஸ்ரீவைஷ்ணவர்கள். ஆனெகொந்தி, பெனுகொண்டா முதலிய ஊர்களைச் சேர்ந்த ஜைனர்கள், தங்களுக்கு அநீதி இழைக்கப்படுவதாக விஜயநகர மன்னர் முதலாம் புக்கரிடம் முறையிட்டனர். திருவரங்கம், திருப்பதி, காஞ்சி, திருநாராயணபுரம் முதலிய திருத்தலங்களின் ஆசாரியர்கள் உள்ளிட்ட வைஷ்ணவர்களின் முன்னிலையில், மன்னர் ஜைனர்களின் கையைப் பற்றி வைஷ்ணவர்களின் கையில் ஒப்படைத்தார். இரு தரிசனங்களுக்கும் இடையே வேற்றுமை பாராட்டலாகாது என்றும், ஜைனர்களுக்கு வரும் நன்மை தீமைகளை வைஷ்ணவர்கள் தமக்கு வந்தவையாகவே கொள்ளவேண்டும் என்றும் கட்டளையிட்டார். பஞ்சமஹாவாத்தியமும் கலசமும் ஜைனர்களுக்கு முன்போலவே உரியவை என்று உறுதி செய்யப்பட்டது.

அது வெறும் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வீதம் ஜைனர்களிடம் திரட்டப்படும் தொகையைக் கொண்டு, பெளகொளாவின் தேவனுக்கு 20 காவலர்களை நியமிக்கவும், எஞ்சிய தொகையில் சிதைந்த ஜினாலயங்களுக்கு வெள்ளை அடிக்கவும் திருமலைத் தாதய்யா என்னும் வைஷ்ணவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. யாரிடமிருந்து காப்பு வேண்டப்பட்டதோ, அவர்களே காவல் பூண்டனர். எம்பெருமானாரைப் போற்றும் சுலோகத்தோடு அக்கல்வெட்டு தொடங்குவது நாம் நினைந்து நினைந்து பெருமை கொள்ளத்தக்கது.

நமக்குரிய பாடம்

இதிலிருந்து மூன்று செய்திகளைக் கொள்ளலாம். முதலாவது, முறையிட வந்தவர்களைக் கலகக்காரர் என்று ஒதுக்காமல் அவர்கள் குறை கேட்கப்பட்டது. நியாயம் கேட்பவனை நோக்கி 'மறந்துவிடு' என்பது சமாதானம் ஆகாது. இரண்டாவது, எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் மிக்கவர்கள் முதலில் இறங்கி வந்தனர். மூன்றாவது, இணக்கம் நிலைத்து நிற்கச் செலவும் காவலும் கணக்கும் வகுக்கப்பட்டன.

இன்று சாதியாலும் கட்சியாலும் சமயத்தாலும் மக்கள் அணியணியாகப் பிரிகின்றனர். கைப்பேசியில் வரும் ஒரு வரிச் செய்தி நெடுநாளைய நட்பை முறித்துவிடுகிறது. பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் நோக்க வேண்டும். ஆழ்வான் வரம் வேண்டி நின்ற அதே காஞ்சியில், வடகலை தென்கலை வழக்குகள் நூறாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களை நாடி வந்துள்ளன. தீர்ப்பு உரிமையை வரையறுக்கும். உள்ளங்களை இணைப்பது ஆழ்வான் காட்டிய வழியேயாகும்.

துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், பிழைப்பு நாடிப் பல ஊர்களிலிருந்து வந்தோர் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கின்றனர். திருவொற்றியூரில் தியாகேசர் திருக்கோயிலும் இராயபுரத்தில் இராயப்பர் ஆலயமும் உள்ள மண் இது. சடையங்குப்பத்துத் திருவிழாவுக்கு வந்துள்ள அன்பர்களுக்கு அடியேன் விண்ணப்பம் ஒன்று உண்டு. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்னும் பூசல்கள் எத்தனையோ ஊர்களில் உற்சவங்களையே நிறுத்தியிருக்கின்றன. தீர்த்தமும் சடாரியும் பெறும்போது, பேச்சற்றுப்போன ஓர் உறவினரையோ அண்டை வீட்டாரையோ நினையுங்கள். பிழை அவருடையதாயின் அவருக்காகப் பிரார்த்தியுங்கள். பிழை நம்முடையதாயின், பிரசாதத்தோடு அவர் வாசலுக்குச் சென்று குறையைக் கேட்டு, அதை நீக்க முன்நில்லுங்கள். பெருமாள் வீதிவலம் வருகையில் எந்த வீட்டு வாசலையும் விலக்குவதில்லை. அவன் அடியார்களாகிய நாமும் விலக்காதிருப்போமாக.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.