தம்பூராவும் மின்கிதாரும்

நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் மின்கிதாரோடு சேர்த்துக் கீர்த்தனை வாசிக்கலாமா என்னும் கேள்வி சென்ற கார்த்திகையில் எழுந்தது. எழுப்பியவன் நான்தான். செயற்குழுவில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள்; மறு பாதியினர், "போன வருஷம் நடந்தது போதாதா?" என்றார்கள். போன ஆண்டு நடந்ததை அறிந்தவர் அறிவர். நாங்கள் வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் எழுந்ததற்குக் காரணம் உண்டு என்பதைப் பிறகு நானே கணக்கிட்டுக் கண்டேன். அந்தக் கணக்கையும், அதற்கு என்னைக் கொண்டுபோய் விட்ட ஓர் இசைத்தொகுப்பையும் பற்றி ஈண்டு எழுதுகிறேன். நான் பௌதிக மாணவன். இசை வல்லவன் அல்லேன். பிழை இருப்பின் வல்லார் பொறுத்துத் திருத்துவாராக.

அந்தத் தொகுப்பு பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' என்னும் குழுவின் முதல் தொகுப்பு. 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்பது அதன் பெயர், 2012-இல் வெளிவந்தது. குழுவின் பெயர் நமக்கு விளக்கம் வேண்டாத சொல். அகமும் புறமும் படித்தவர்கள் நாம். தொகுப்பின் பெயரும் உள்ளிருப்பது விழித்தெழுதல் என்றே பொருள்படும். குழுவினருள் பெரும்பாலோர் கணிப்பொறித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இசைத்தவர்கள். பாடுபவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், பிடிலும் வாசிப்பார். தங்கள் இசையை அவர்கள் கருநாடக 'புரோகிரெசிவ் ராக்' என்கிறார்கள்.

இந்தப் 'புரோகிரெசிவ்' என்பதை 'முற்போக்கு' என்று பெயர்த்தால் நம் நண்பர்கள் சிலர் உடனே தோழமையோடு கைகுலுக்க வந்துவிடுவார்கள். இது வேறு. இங்கிலாந்தில் 1960-களின் இறுதியில், மூன்று நிமிடப் பாட்டும் நாலு எண்ணிக்கைத் தாளமும் போதாது என்று எண்ணிய இளைஞர்கள், நீண்ட பாடல்களையும், ஒடிந்து வரும் தாளங்களையும், மேனாட்டுச் செவ்விசையின் அமைப்புகளையும் ராக் இசைக்குள் கொண்டுவந்தார்கள். 1969 அக்டோபரில் வெளிவந்த 'கிங் கிரிம்சன்' குழுவின் முதல் தொகுப்பை இதற்குத் தலைவாயிலாகப் பலரும் சொல்வர். நாம் வாழும் இந்தத் தில்லியிலும் இதற்கு உறவான ஒரு தொடக்கம் உண்டு. 'இந்தியன் ஓஷன்' குழுவின் முதல் தொகுப்பு 1993-இல் எச்.எம்.வி. வழியாக வெளிவந்தது. அக்குழுவின் ராகுல் ராம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வகத்தில் கிதார் நினைவோடு திரிவதற்கு எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார் என்று என் வழிகாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் முதலில் பட்டத்தை முடித்தார்" என்று விடை வந்தது.

'அகம்' தொகுப்பில் ஸ்வாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா இருக்கிறது; மல்ஹார் ராகத்தில் ஓர் உருப்படி இருக்கிறது; 'ருத்ரா', 'பிரம்மாஸ் டான்ஸ்' என்னும் சொந்த ஆக்கங்களும் உண்டு. மல்ஹார் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முழக்கம் மிகுதி, மழை குறைவு. நான் திரும்பத் திரும்பக் கேட்டது 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்பதைத்தான். தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு' கீர்த்தனைதான் அது. இராமனிடம் பொன்னும் பொருளும் கேளாமல், வாயிற்காவல் புரியும் சேவகனாக ஒரு வேலை கேட்கும் பாட்டு. (வேலை தேடும் நமக்கு நெருங்கிய பொருள்தான்.) ராகம் ஹம்ஸநாதம். ஹம்ஸம் அன்னம் ஆதலின் அன்னத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்.

போன ஆண்டு நாங்கள் மேடையில் வாசித்ததும் இதே கீர்த்தனைதான். நான் பிடில், என் அறைத் தோழன், ஜலந்தர்க்காரன், கிதார். பிடில் எனக்குக் கும்பகோணத்தில் என் அத்தை கற்றுக்கொடுத்தது. தில்லிக்கு வந்தபின் இரண்டாண்டு பெட்டியைத் திறக்கவே இல்லை. 'அகம்' கேட்டபின்தான் திறந்தேன். விஜய நகர் மாடியறையில், சனவரிக் குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பழகினோம். நான் ராகத்தை வாசிப்பேன். அவன் காதுக்கு இனிமையாகப் பட்ட கார்டுகளைக் கீழே வாசிப்பான். கார்டு என்பது பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. அவனுக்கு நல்ல காது. எங்கள் இருவருக்கும் அது நன்றாகவே இருந்தது. விழாவில் பெரியவர் எழுந்து போனபின், ஒலிப்பதிவை அத்தைக்கு அனுப்பினேன். அன்றிரவே பேசினாள்.

"கேட்டேன்டா. நீ நன்னாத்தான் வாசிக்கறே. ஆனா ஸா எங்கே?"

"எந்த ஸா, அத்தை? வாசிச்சேனே."

"நீ வாசிச்சே. பாட்டுல இல்லையே!"

ஓராண்டாக இந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. ஸா இருக்கிறது, ஆயினும் இல்லை. இதற்கு என்ன பொருள்?

ஹம்ஸநாதத்தை முதலில் பார்ப்போம். ஸ, சதுச்ருதி ரி, பிரதி ம, ப, காகலி நி. இன்று பாடப்படும் வழக்கில் இவ்வளவே. காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை. மேனாட்டு இசையில் ஒரு சுரத்தை வீடாக நிறுத்த வேண்டுமானால் அதன் மேல் மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து ஒலிப்பார்கள், அதாவது ஸ-க-ப. ஹம்ஸநாதத்தில் காந்தாரமே கிடையாது. எனவே ஸாவின் மேல் அந்த வீட்டைக் கட்ட வழியில்லை. எங்கே கட்டலாம்? பஞ்சமத்தின் மேல் கட்டலாம்: ப-நி-ரி. மூன்று சுரமும் ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன; கேட்கவும் இனிமை. என் தோழனின் காது தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இனிக் கணக்கு. எளிமைக்காக ஸாவை வினாடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். பஞ்சமம் அதில் ஒன்றரை மடங்கு, 360. காகலி நிஷாதம் 450. மேல் ரிஷபம் 540. இந்த மூன்றும் 4:5:6 என்னும் விகிதத்தில் நிற்பதைக் காண்க. அடுத்தடுத்த இரண்டுக்கும் வேறுபாடு 90. மின்கிதாரின் ஒலியை ஒலிபெருக்கியில் வேண்டுமென்றே முறுக்கிச் சிதைப்பார்கள். 'டிஸ்டார்ஷன்' என்பது அதுவே. அலையின் முகடுகளை வெட்டித் தட்டையாக்குவதுதான் அதன் வேலை. அவ்வாறு வெட்டுண்ட அலையில், உள்ளே சென்ற அதிர்வுகளின் கூட்டல்களும் கழித்தல்களும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஆதலின் 360, 450, 540 உள்ளே போனால் 90 என்னும் ஆழ்ந்த ஒலி வெளியே வருகிறது. 90 எந்தச் சுரம்? 360-இல் காற்பங்கு, பஞ்சமமேதான், இரண்டு ஸ்தாயி கீழே. கிதாரின் சுரங்கள் இந்த எண்களில் துல்லியமாக நிற்பதில்லை என்பதால் அது சற்று இடறி ஒலிக்கும். ஆயினும் காது அதனையே தரையாகக் கொள்கிறது. நான் மேலே ஸாவை எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் கேட்பவர் நிற்கும் தரை பஞ்சமமாகிவிட்டது. அத்தை கேட்டது இதைத்தான். பெரியவர் எழுந்து போனதும் இதனால்தான் என்று எண்ணுகிறேன். குளிரும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சரி, காந்தாரம் உள்ள ராகத்தில் ஸ-க-ப வாசித்தால் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். அங்கே வேறொரு தொல்லை. கிதாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பகுத்து அமைக்கப்பட்டவை. அதன் பஞ்சமம் 359.6, இயற்கைப் பஞ்சமத்திலிருந்து அரை அதிர்வுகூட விலகவில்லை. ஆனால் அதன் அந்தர காந்தாரமோ 302.4, இயற்கையில் அது 300. தனியே ஒலித்தால் பெரும் பிழையன்று. ஸாவோடு சேர்ந்தால் இரண்டின் மேலொலிகளும் 1200-க்கும் 1209.5-க்கும் இடையே மோதி வினாடிக்கு ஒன்பது முறைக்கு மேல் துடிக்கின்றன. டிஸ்டார்ஷன் அந்தத் துடிப்பை உறுமலாக்கிவிடும். எனவேதான் ராக் கிதார் வாசிப்பவர்கள் மூன்றாவதை விட்டுவிட்டு ஸ-ப என்று இரண்டை மட்டும் ஒலிக்கிறார்கள். 'பவர் கார்டு' என்பது அவர்கள் வைத்த பெயர்.

அந்த ஸ-பவை மட்டும் சிதைத்துப் பார்ப்போம். 240, 360. கழித்தால் 120; மந்திர ஸா. கூட்டினால் 600. இரட்டித்தால் 480, 720. எல்லாம் 120-இன் மடங்குகள். அஃதாவது பிறக்கும் ஒவ்வோர் ஒலியும் கீழிருக்கும் ஒரே ஸாவின் குடும்பம். இரண்டு சுரத்தை உள்ளே விட்டால் மாபெரும் ஸா ஒன்று வெளியே வருகிறது!

இவ்விடத்தில் நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். 600 என்பது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் அல்லவா? நாம் வாசிக்காத காந்தாரம்! தம்பூரா மீட்டும்போது, எந்தத் தந்தியிலும் இல்லாத காந்தாரம் ஒன்று தானே கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அத்தை எனக்குச் சிறுவயதில் காட்டிக்கொடுத்தது அது. ப-ஸ-ஸ-ஸ என்று சுருதி கூட்டிய தம்பூராவில், குதிரைமேல் இட்ட நூலிழை தந்தியின் அதிர்வை உரசிச் சிதைத்து மேலொலிகளை எழுப்புகிறது. மின்கிதாரில் அவ்வேலையை ஒலிபெருக்கி செய்கிறது. வழி வேறு, ஆனால் இரண்டிலும் ஸாவும் பாவும் உள்ளே செல்ல, ஒரு பெரிய ஸாவும் கேளாக் காந்தாரமும் வெளியே வருகின்றன. ஹம்ஸநாதம் பாடும்போது தம்பூராவின் காந்தாரத்தை யாரும் குறை சொல்வதில்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை கண்டோர், நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் வகுத்தனர். குரலுக்கு இளி கிளை. அவர்கள் கருதியது பண்ணில் நரம்புகள் அடுத்தடுத்து வரும் முறையையே. ஒருங்கே ஒலிப்பதை அன்று. இளங்கோவடிகள் பவர் கார்டு அறிந்திருந்தார் என்று விழா மேடையில் யாரேனும் முழங்கினால் அப்பழி என்மேல் வராதிருக்கட்டும். ஆயினும் அந்தச் சொற்களைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது 'அகம்' பாடலை மீண்டும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட அளவில், பாட்டு ராகத்தைச் சொல்ல, கிதார் சில இடங்களில் அதே சுரங்களை ஒற்றை வரியாகத் தானும் தொடர்கிறது. சில இடங்களில் கீழே கெட்டியான தரையாக நிற்கிறது. எங்கும் இப்படியே என்று சொல்ல வரவில்லை. முழுக் கார்டுகள் வரும் இடங்கள் தொகுப்பில் உண்டு. அங்கெல்லாம் ராகம் சற்றுத் தளும்பத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் ஸா தன் இடத்தில் இருக்கிறது.

கமகம் என்னாகும் என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். மெட்டு இருப்பதால் கமகம் வராது என்பது சரியன்று. வீணைக்கும் மெட்டு உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே அங்கும் கமகம் பிறக்கிறது. ஒரு முழுச் சுரம் உயர்த்த இழுவிசை ஏறக்குறைய 26 விழுக்காடு ஏற வேண்டும். கிதாரிலும் அது இயலும். ஆனால் ஒரு தந்தியில் இயலும். கார்டு முழுவதையும் அசைத்துத் தோடியின் காந்தாரத்தைப் போல் ஆட்ட முடியாது. 'அகம்' குழுவினர் ஹம்ஸநாதத்தை எடுத்தார்கள். தோடியை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாக முடிந்திருக்கும்.

கணக்கை என் தோழனுக்கு விளக்கினேன். அவன் வணிகவியல் மாணவன், எண்களைக் கேட்டுவிட்டு, "ஆக, நான் குறைவாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்றான். அவ்வளவுதான். ப-நி-ரியை அறவே விட்டான். ஸாவும் பாவும் மட்டும், ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை. சென்ற மாதம் மீண்டும் பதிவு செய்து அத்தைக்கு அனுப்பினோம். இரண்டு நாள் விடை இல்லை. மூன்றாம் நாள் காலை, ஆய்வகத்துக்குப் போகும் வழியில் கைப்பேசி அடித்தது.

"கேட்டேன். நிஷாதத்தை ஏன்டா அப்படி அவசரப்படுத்தறே? கொஞ்சம் நின்னுட்டு மேலே போ."

கிதாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, நிஷாதத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.