சைலக் குழாய் நசுங்காதிருப்பது எதனால்?

தாவரவியல் செய்முறை வகுப்பில் இளந்தண்டைப் பிளேடினால் மெல்லியதாக நறுக்கி, சாஃப்ரனின் சாயமிட்டு நுண்ணோக்கியில் நோக்குகிறோம் அல்லவா? செக்கச்சிவந்த வட்டங்கள் சில தெரியும். அவையே சைலக் குழாய்கள். படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிட்டால் அவற்றை மறந்துவிடுகிறோம். அவ்வட்டம் நசுங்காமல் வட்டமாகவே இருப்பது ஏன் என்று நாம் கேட்பதேயில்லை.

இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டிலுள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே குழாயின் சுவரை உட்புறமாக இழுக்கும் விசை ஒன்று உண்டு. நனைந்து நைந்துபோன காகிதக் குழலால் சர்பத்தை உறிஞ்சிப் பாருங்கள், குழல் ஒட்டிக்கொள்ளும்! சைலக் குழாய் அவ்வாறு ஒட்டாமல் காப்பது அதன் தடித்த இரண்டாம் சுவராகும். அதைக் கட்டிய செல் எப்போதோ இறந்துவிட்டது. சுவர் மட்டும் நின்று நீரைக் கடத்துகிறது.

அச்சுவருக்கு வலுவூட்டும் இழை செல்லுலோஸ். நாம் உடுத்தும் பருத்தித் துணியும் பெரும்பாலும் அதுவே. குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சரம்போல் கோத்து இவ்விழையை உண்டாக்கும் புரதங்கள், செல் சவ்வில் ஆறிதழ்ப் பூவைப் போலக் கூடி அமர்ந்திருக்கின்றன. அப்புரதங்களை அமைக்கும் குறிப்பு ஜீன்களில் உள்ளது.

இதனை விளக்கியது அரபிடாப்சிஸ் என்னும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. ஜீன்களில் மாற்றம் உண்டாக்கப்பட்ட செடிகளின் தண்டுகளை, சைமன் டர்னர், கிறிஸ் சாமர்வில் என்னும் இரு அறிஞர்கள் நம்மைப் போலவே குறுக்காக நறுக்கிப் பார்த்தனர். சிலவற்றில் வட்டங்கள் நசுங்கிக் கிடந்தன. 1997இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். வெறும் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பொறுமையாகப் பார்த்தே இவ்வளவும் கண்டார்கள் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

அவற்றுள் ஒரு வகைச் செடியின் தண்டில் செல்லுலோஸ் வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் 1999இல் தெரிந்தது. அதன் ஜீன் ஒன்றில் ‘நிறுத்து’ என்னும் குறி முன்னதாகவே வந்துவிட்டது. அதனால் புரதம் 168 அமினோ அமிலங்கள் குறைந்து, முற்றுப்பெறாமல் நின்றுபோயிற்று.

ஆயினும் அச்செடி முளைக்கிறது, இலை விடுகிறது. எப்படி? வளரும் செல்லின் மெல்லிய முதற்சுவரைக் கட்டுபவை வேறு ஜீன்கள். இரண்டாம் சுவருக்கென மூன்று ஜீன்கள் தனியே உள்ளன. இம்மூன்றில் ஒன்று பழுதானால் எஞ்சிய இரண்டும் அதன் வேலையைச் செய்துவிடாவோ என்று நமக்குத் தோன்றும். செய்வதில்லை. மூவகைப் புரதங்களும் ஒன்றுகூடினால்தான் சவ்வில் தமக்குரிய இடத்தை அடைகின்றன என்று 2003இல் கண்டறிந்தனர். ஒன்று இல்லையேல் மற்ற இரண்டும், பழுதற்றவையாயினும், செல்லின் உள்ளேயே தங்கிவிடுகின்றன.