வீட்டிலேயே கார் பாலிஷ்: ஒரு புது மாணவனின் பாடம்

இரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் பெட்டிப் பணிமனைகளில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பின் நாக்பூரிலேயே தங்கிவிட்டவன் நான். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. இன்று எழுத வந்தது ரயிலைப் பற்றி அல்ல, கார் பெயின்டைப் பற்றி. இந்த வித்தையில் நான் குரு அல்ல. ஓராண்டு கால மாணவன். புதிதாகக் கற்றவன் சொன்னால் புதிதாகக் கற்பவருக்கு எளிதில் புரியும் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2019-இல் வாங்கிய கருநீல நிறக் கார். நம் ஊர்த் தூசு அன்பர்களுக்குத் தெரியும். தினமும் காலையில் காய்ந்த துணியால் நானே துடைப்பேன். யாரையும் தொடவிட்டதில்லை. ஒருநாள் இரவு பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிறுத்தியபோது, பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள். யார் செய்த வேலை என்று யோசித்தேன். நான் செய்ததுதான். தூசு என்பது நுண்ணிய மணல். காய்ந்த துணியால் துடைத்தால் அது உப்புத்தாள் ஆகிவிடுகிறது. ஆறு வருடம் அன்போடு உப்புத்தாள் போட்டிருக்கிறேன்!

இன்னொரு வேடிக்கை. கீறல்கள் வட்டமாகத் தெரிந்தாலும் அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் ஓடுபவை. விளக்கொளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் கண்ணுக்குப் படுகிறது.

பாலிஷ் என்றால் என்ன?

பாலிஷ் போட்டால் ஏதோ பூசுகிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நாம் பூசுவதில்லை, சுரண்டி எடுக்கிறோம்.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் ப்ரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. கம்பெனிப் பெயின்டில் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். கீறல் பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இரயில்வே அன்பர்களுக்குச் சக்கர லேத் நினைவுக்கு வரும். எல்.எச்.பி. பெட்டியின் புதுச் சக்கரம் 915 மி.மீ. விட்டம். தேய்ந்த சக்கரத்தை லேத்தில் கடைந்து உருவம் திருத்தினால் புதுசுபோல் ஓடும், ஆனால் விட்டம் குறையும். 845 மி.மீ. வந்தால் கழிக்க வேண்டியதுதான். அங்கே செலவழிக்க 70 மி.மீ. இருக்கிறது. காரில் நம் கைமுதல் 40 மைக்ரான்தான், அதையும் முழுதும் செலவழிக்கக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் பூச்சுதான்.

எந்த எந்திரம்?

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி எந்திரம் வேகமாக வெட்டும். சூடு ஒரே இடத்தில் சேரும். அது கைதேர்ந்தவர்களுக்கு. புதியவர்களுக்கு டூயல் ஆக்ஷன் எந்திரமே நல்லது. இதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நெல் சலிப்பதுபோல் அலையவும் செய்யும். அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். இதுவே ஒரு பாதுகாப்பு. பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்று கோடு காட்டிக்கொடுக்கும்.

செய்முறை

1. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யவும். நம் ஊரில் டிசம்பர், ஜனவரி காலைகள் உத்தமம்.

2. இரண்டு வாளி வைத்துக் கழுவவும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் அழுக்குத் துணியை அலசச் சுத்தமான தண்ணீர்.

3. மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பெயின்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தெரிந்தால் ஒட்டிக்கொண்ட துகள்கள் இருக்கின்றன. கார்களுக்கென்று விற்கும் க்ளே கட்டியை வழுவழுப்பான திரவம் தெளித்து மெல்லத் தேய்த்தால் அவை போய்விடும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். மண் ஒட்டிய கட்டி கீறும்.

4. ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகள், தகட்டின் ஓரங்கள், மடிப்பு வரைகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டவும். மேடான இடங்களில் பேடின் அழுத்தம் முழுதும் ஒரே கோட்டில் விழும்.

5. முதலில் ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் சோதனை. மிருதுவான ஃபோம் பேட், மிக நைசான பாலிஷ், நான்கைந்து சொட்டு. ஒன்றாம் எண் வேகத்தில் பரப்பி, நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றவும். எந்திரத்தின் கனத்தோடு கையின் சிறு அழுத்தம் போதும். விநாடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தவும். ஒரு வரிசை முந்தைய வரிசையில் பாதியை மூடட்டும். முதலில் இடம் வலமாக, பிறகு மேல் கீழாக. நான்கு முறை போதும்.

6. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மூன்று பங்கு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைக்கவும். பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை மறைத்து நம்மை ஏமாற்றும். பிறகு டார்ச் அடித்துப் பார்க்கவும். திருப்தி இல்லையென்றால்தான் அடுத்த கடினமான பாலிஷ்.

7. ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யவும். முடிவில் மெழுகோ சீலன்ட்டோ பூசவும். இது ஒன்றுதான் உண்மையில் பூசும் வேலை.

எந்திரத்தின் ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் உள்ள பிளக், கண்ணாடி, முகமூடி அவசியம்.

நான் செய்த தவறு

கபாடிக்காரரிடம் பழைய கார்க் கதவொன்று வாங்கி இரண்டு வாரம் பழகினேன். பிறகு என் பானெட்டில் கை வைத்தேன். பாதி முடிந்தபோது அது கண்ணாடிபோல் பளபளத்தது. மனைவி எட்டிப் பார்த்து, "போதும்ங்க, நல்லாத்தானே இருக்கு, சாப்பிட வாங்க" என்றாள். கேட்டிருக்கலாம். வலப்பக்க மடிப்பின் அருகே ஒரே ஒரு கீறல் பாக்கி. நகத்தால் வருடினால் நகம் தட்டியது. நகம் தட்டும் கீறல் பாலிஷுக்கு மீறியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டேப்பை உரித்துவிட்டு, கடினமான பேடும் முரட்டு காம்பவுண்டும் போட்டு, எந்திரத்தைச் சாய்த்து அழுத்தினேன். ஐந்தாவது முறை பேடைத் திருப்பிப் பார்த்தால் அதில் நீலம் ஒட்டியிருந்தது.

கிளியர் கோட் உள்ள காரில் பேடில் காரின் நிறம் வந்தால், கிளியர் கோட் அங்கே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகளில் நிறம் வருவது இயல்பு. அது வேறு கதை. கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கல் விழுந்தது. எந்தப் பாலிஷாலும் அது திரும்பாது. பெயின்டர் வந்து பார்த்து, பானெட் முழுவதும் அடித்தால்தான் நிறம் ஒத்துப்போகும் என்றார். ஒரு கீறலுக்காகக் கம்பெனிப் பெயின்டை முழுதும் இழக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

முப்பத்தாறு வருடம் அளவு பார்த்து வேலை செய்தவன், எங்கே நிறுத்துவது என்ற ஓர் அளவைத்தான் தவறவிட்டேன். கீறலோடு வாழலாம், பூச்சு போய்விட்டால் திரும்பாது. ஆகவே புதியவர்கள் எண்பது விழுக்காடு சரியானதும் எந்திரத்தைக் கீழே வையுங்கள். ஆண்டுதோறும் பாலிஷ் போடாதீர்கள். காய்ந்த துணியை இன்றே ஒழித்து, தண்ணீர் விட்டுக் கழுவப் பழகினால் பாலிஷுக்கே பெரும்பாலும் வேலை வராது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தக் காரில்தான் வருவேன். பானெட்டின் வலப்பக்க மடிப்பைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் தாராளமாகப் பார்க்கலாம். தொட்டுப் பார்ப்பதிலும் ஆட்சேபம் இல்லை, கையில் தூசு இல்லாவிட்டால்.