டிகிரி வாங்கியாச்சு... அடுத்து என்ன?

 

இந்த வருஷம் கல்லூரிப் படிப்பை முடித்த தம்பி தங்கைகளுக்காக இந்தப் பதிவு. உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தா, அவங்களுக்கும் அனுப்பி வையுங்க.

கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே ஊர் கேட்க ஆரம்பிச்சிடும்: "வேலை கிடைச்சிருச்சா? சம்பளம் எவ்வளவு?" கேம்பஸில் தேர்வானவர் ஆஃபர் லெட்டரை ஸ்டேட்டஸில் வைக்கிறார். கிடைக்காதவர் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போகவே தயங்குகிறார். 21 வயசிலேயே "நான் தோத்துட்டேன்" என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

பழநி கதை நமக்கெல்லாம் தெரியும். உலகத்தைச் சுற்றி வந்தவர் முருகன். பழம் கிடைத்தது அண்ணனுக்கு. ஆனா இன்னைக்குப் பழநி மலைப் படியேறும் யாராவது, "போட்டியில் தோற்றவரைப் பார்க்கப் போறோம்"னு சொல்றாங்களா? பழம் கைக்கு வராத அந்த நாளோடு அவர் கதை முடியவில்லை.

மனுஷங்க வாழ்க்கையிலும் இப்படி நடந்திருக்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் கதையைக் கொஞ்சம் பாருங்க.

எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1918-ல் பிறந்தவர். சின்ன வயசில், உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பேறுகால நேரத்தில் இறந்து போனதைப் பார்த்தவர். ஊரில் டாக்டர் கிடையாது. அதனால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவராகப் பணியில் சேர்ந்தார்.

அப்போதுதான் கடுமையான முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிப் போயின. பேனா பிடிக்கவே முடியாத நிலை. ராணுவ வேலையும் போச்சு, பிரசவ மருத்துவர் கனவும் போச்சு.

அவர் கண் மருத்துவம் படிக்கப் போனார். கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தன! 58 வயசில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கினார். இன்னைக்கு அது பல ஊர்களில் வளர்ந்து நிற்கிறது.

இதில் நமக்கு மூணு பாடம் இருக்கு.

1. ஆசைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடிச்சுக்கோங்க.
அவர் கைவிட்டது ஒரு துறையை மட்டும்தான். "டாக்டர் இல்லாமல் ஏழைகள் கஷ்டப்படக் கூடாது" என்ற காரணம் அவரை விட்டுப் போகவே இல்லை. நீங்க ஆசைப்பட்ட வேலையை எதுக்காக ஆசைப்பட்டீங்கன்னு ஒரு தாளில் எழுதிப் பாருங்க. அந்தக் காரணத்துக்கு இன்னொரு வழி இருக்கும்.

2. கிடைத்த வேலையில் கை பழகட்டும்.
முதல் வேலை மனசுக்குப் பிடிச்ச மாதிரி அமையாமல் போகலாம். அதிலும் ஒரு விஷயத்தையாவது, "இதை இவர்கிட்ட கேளுங்க"ன்னு மத்தவங்க சொல்ற அளவுக்குக் கத்துக்கோங்க. அந்தத் திறமை அடுத்த இடத்துக்கும் உங்க கூடவே வரும்.

3. சம்பாதிக்கிறது தப்பில்லை.
படிப்புக்கு வாங்கின கடனை அடைக்கணும், வீட்டுக்குக் கை கொடுக்கணும். அரவிந்தில்கூட, கட்டணம் கட்ட முடிந்தவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. அதனால சம்பளம் எவ்வளவுன்னு தாராளமா கேளுங்க. கூடவே, "என் வேலையால் இன்னைக்கு யாருக்கு நல்லது நடந்தது?" என்றும் கேட்டுக்கோங்க. முதல் கேள்விக்குப் பெரிய பதில் வச்சிருந்தும், ரெண்டாவதுக்குப் பதில் இல்லாமல் ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கிறவங்க நிறைய பேர்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சம்பளத்தை வச்சு உங்க பிள்ளையை அளக்காதீங்க. இன்டர்வியூ முடிஞ்சு முகம் வாடி வர்ற பிள்ளைகிட்ட, "முதல்ல சாப்பிடுப்பா"ன்னு சொல்லுங்க. மத்ததை நாளைக்குப் பேசலாம்.

தம்பி, தங்கைகளே, மனசு தாங்க முடியாத அளவுக்குப் பாரமாச்சுன்னா உள்ளேயே வச்சுக்காதீங்க. வீட்டிலோ நண்பர்கிட்டயோ வாய்விட்டுச் சொல்லுங்க. முருகன்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம் எழுந்து, இன்னைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செஞ்சு முடிங்க.

யாமிருக்க பயமேன்!
ஓம் சரவணபவ 🙏