சோடியத்துக்கு நீர்த்த அமிலமும் ஆகாது

பள்ளி ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். குமிழி குமிழியாக ஹைட்ரஜன் வரும். எரியும் குச்சியைக் காட்டினால் ‘பட்’டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு, சோடியமும் பொட்டாசியமும் இதையேதான் கொஞ்சம் வேகமாகச் செய்யும் என்று நினைப்பவர்கள் உண்டு.

நம்பிக்கை: ஆபத்து அமிலத்தின் வீரியத்தில்தான். நீர்த்த அமிலம் என்றால் பயமில்லை.

உண்மை: துத்தநாகம் பச்சைத் தண்ணீரில் சும்மா கிடக்கும், அதை அசைக்க அமிலம் வேண்டும். சோடியத்துக்கு வெறும் தண்ணீரே போதும். நீர்த்த அமிலத்தில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அதோடு ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும்.

நம்பிக்கை: வினையில் உண்டாகும் காரத்தை அமிலம் முறித்துவிடும். அதனால் தண்ணீரைவிட அமிலமே பாதுகாப்பு.

உண்மை: காரத்தை முறிக்கும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. 23 கிராம் சோடியம் தண்ணீரோடு முழுதும் வினைபுரிந்தால் சுமார் 184 கிலோஜூல் வெப்பம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு என்றால் சுமார் 240. சோடியம் 98 டிகிரி செல்சியசிலும் பொட்டாசியம் 63 டிகிரியிலுமே உருகிவிடும். உருகிய உலோகமும் அமிலமும் சேர்ந்து முகத்தில் தெறித்தால் கண்ணே போகலாம்.

நம்பிக்கை: வெடிப்பதெல்லாம் ஹைட்ரஜன்தான். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

உண்மை: காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்த ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பது சரிதான். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. பிராகாவைச் சேர்ந்த பாவெல் யுங்விர்த் குழுவினர், சோடியம்-பொட்டாசியக் கலவைத் துளி தண்ணீரில் விழுவதை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து 2015இல் வெளியிட்டார்கள். எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, உலோகத்தில் எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் துளி முள்முள்ளாகச் சிதறுகிறது. ஜன்னல் இதைத் தடுக்காது.

நம்பிக்கை: தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாம்; இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருக்கவே இருக்கிறது.

உண்மை: இரண்டும் கூடாது. எரியும் சோடியம் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். நன்றாக உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்றே உள்ள உலர்பொடி அணைப்பானோதான் வேண்டும்.

நம்பிக்கை: மிஞ்சிய துண்டுகளை அமிலத்தில் போட்டுக் கரைத்துவிடலாம்.

உண்மை: பயிற்சி பெற்ற வேதியியலர்கள் மிஞ்சிய சோடியத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் போன்ற, நிதானமாக வினைபுரியும் திரவத்தில் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்வார்கள். பழைய பொட்டாசியத்தின்மேல் மஞ்சள் படிவு இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, அது சூப்பராக்சைடு. கத்தியால் வெட்டினாலே வெடிக்கலாம். அப்படிப்பட்ட பொட்டாசியம் உள்ள புட்டியைத் திறக்காமல், அசைக்காமல், விவரம் தெரிந்தவரை அழைப்பதே சரி.