பை சிக்ஸ், பை நவ், அன்டில் சிக்ஸ்: ஏலமலைப் பிள்ளைகளுக்குச் சில ஆங்கில அறிவுரைகள்

சக்குபள்ளத்திலும் குமுளிப் பக்கத்திலும் ஏலத்தோட்டம் பார்க்க வருகிற வெளிநாட்டாருக்கு வழிகாட்டியாகப் போக ஆசைப்படும் பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். நீங்கள் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றே. கேன், மஸ்ட், மே போன்ற துணைவினையும், இன், அட், பை போன்ற முன்னிடைச்சொல்லும் ஒரே வாக்கியத்தில் கூடுகிற இடம் அது. பள்ளியில் இரண்டையும் வேறுவேறு பாடமாகப் படித்திருப்பீர்கள். இனிமேல் சேர்த்தே படியுங்கள்.

1. முதலில் வரிசையைப் பிடியுங்கள். “ஆறு மணிக்குள் கேட்டுக்கு வரணும்” என்கிறோம். மலையாளத்திலும் ‘வரணம்’ கடைசியில்தான். ஆங்கிலத்தில் கட்டாயம் முன்னால் வந்துவிடும்: “யூ மஸ்ட் கம் டு தி கேட் பை சிக்ஸ்.” மஸ்ட், பிறகு வினை, பிறகு இடம், பிறகு நேரம். மஸ்டுக்கும் கம்முக்கும் நடுவில் நேரத்தைச் செருகாதீர்கள். நேரத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதை வாக்கியத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோங்கள்.

2. ‘டு’ விஷயத்தில் கவனம். ‘போக வேண்டும்’ என்பதில் ‘போக’ இருப்பதால் ‘மஸ்ட் டு கோ’ என்று வாயில் வந்துவிடுகிறது. கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதுக்கும் பின்னால் வினை வெறுமையாக வரும், டு வராது. ‘அவன்’, ‘அவள்’ என்று எழுவாய் மாறினாலும் இவற்றில் எஸ் ஒட்டாது. ‘ஹேவ் டு’, ‘ஆட் டு’ இரண்டும் வேறு கூட்டம், அங்கே டு உண்டு. “யூ மஸ்ட் கோ டு குமுளி” என்பதில் வருகிற டு, ஊருக்குச் சொந்தமானது. ‘கேன் ஏபிள் டு’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்; கேன் என்றாலே முடியும்தான்.

3. ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று கணக்கு வைக்காதீர்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நன்னூல் ஆறு உருபுகளைத் தருகிறது. அதில் ‘கு’ ஒன்றே ஆங்கிலத்தில் பல சொல்லாகப் பிரியும். ஆறு மணிக்கு வரலாம், ‘அட் சிக்ஸ்’. கம்பத்துக்குப் போகலாம், ‘டு கம்பம்’. அம்மாவுக்கு வாங்கலாம், ‘ஃபார் மதர்’. வீட்டுக்குப் போகலாம் என்றால் ஒன்றுமே இல்லை, ‘யூ கேன் கோ ஹோம்’. ‘ஆல்’ உருபும் இப்படித்தான். காயைக் கையால் பறிக்கலாம், ‘கேன் பீ பிக்ட் பை ஹேண்ட்’. கத்தியால் வெட்டலாம், ‘கேன் பீ கட் வித் எ நைஃப்’. துணைவினை, வினை, முன்னிடைச்சொல் மூன்றையும் ஒரே தொடராக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பேசட்டும், இந்த இடத்தில் அதற்கு ஈடு வேறில்லை.

4. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: துணைவினையின் பொருளைப் பல நேரம் அதன் பின்னால் வருகிற தொடரே முடிவு செய்கிறது. “ஹீ மஸ்ட் பீ இன் தி ஸ்டோர்” என்று ஒருவர் சொல்கிறார். காய் உலர்த்துகிற ஸ்டோரில் அவர் இருக்க வேண்டும் என்கிறாரா, இருப்பார் என்று ஊகிக்கிறாரா? அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘பை சிக்ஸ்’ சேருங்கள்: பெரும்பாலும் கட்டாயமாகிவிடும், ஆறு மணிக்குள் அவர் அங்கே இருந்தாக வேண்டும். ‘பை நவ்’ சேருங்கள்: ஊகமாகிவிடும், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். அதே மஸ்ட், அதே பை. மே என்பதும் அப்படியே. “யூ மே கோ இன்டு தி கார்டன்” என்று விருந்தாளியிடம் சொன்னால் அனுமதி. “இட் மே ரெயின் இன் தி ஈவ்னிங்” என்றால் மழை வரலாம், வராமலும் போகலாம். தமிழில் ‘லாம்’ இந்த இரண்டு வேலையையும் செய்வதால் உங்களுக்கு இது கடினமாக இருக்காது. ஆனால் கேட்கும்போது வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். மஸ்ட் காதில் விழுந்ததுமே பொருளை முடிவு செய்துவிடுகிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

5. பை என்றால் ‘க்குள்’, அன்டில் என்றால் ‘வரை’. கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிற வேலையாட்கள் எட்டு மணிக்குள் வரணும், ‘பை எய்ட்’. நாலு மணி வரை வேலை செய்யணும், ‘அன்டில் ஃபோர்’. இல்லை என்று சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். “யூ மஸ்ட் நாட் லீவ் அன்டில் ஃபோர்” என்றால் அதுவரை கிளம்பக் கூடாது. “யூ நீட் நாட் வெயிட் அன்டில் ஃபோர்” என்றால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடாது என்பதும் வேண்டியதில்லை என்பதும் உங்களுக்கு என்றைக்காவது குழம்பியதுண்டா? அந்தத் தெளிவை அப்படியே மஸ்ட் நாட், நீட் நாட் இரண்டுக்கும் கொண்டுபோங்கள். மருந்தடித்த தோட்டத்துக்குள் விருந்தாளி நுழையக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீட் நாட் போட்டால், அவர் உள்ளே போய்விடுவார்.

6. வழிகாட்டிக்கு வில்லைவிட மே நல்லது. தேக்கடி ஏரி, 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால் உண்டானது; அதன் கரைக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். “யூ வில் சீ எலிஃபன்ட்ஸ் பை தி லேக்” என்றால் அது வாக்குறுதி. யானை உங்கள் வாக்குக்குக் கட்டுப்பட்டதில்லை. “யூ மே சீ எலிஃபன்ட்ஸ் பை தி லேக்” என்பதே நேர்மையான பேச்சு. இந்த பை நேரத்தைக் குறிப்பதில்லை, ஏரியோரத்தைக் குறிக்கிறது.

7. “யூ ஷுட் டாக் டு தி மேன் இன் தி ஸ்டோர்” என்பதில் ஸ்டோரில் இருக்கும் ஆளிடம் பேசு என்றும், அவரிடம் ஸ்டோரில் வைத்துப் பேசு என்றும் இரு பொருள் உண்டு. தமிழில் இந்தக் குழப்பம் வராது. சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியமாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

8. பேச்சு ஆங்கிலத்தில், கேள்வியில் முன்னிடைச்சொல் தன் கேள்விச்சொல்லைப் பிரிந்து பெரும்பாலும் கடைசியில் நிற்கும். யாரிடம் பேச வேண்டும் என்பது “ஹூ ஷுட் ஐ ஸ்பீக் டு?” ஆகும். நம் ‘இடம்’ ஒருநாளும் ‘யாரை’ விட்டுப் பிரியாது என்பதால் அந்தக் கடைசி டுவை விட்டுவிடுகிறீர்கள், விடாதீர்கள். தோட்டத்தில் ஒவ்வொரு செடியின் முன்னாலும் உங்களிடம் இதைத்தான் கேட்பார்கள்: “வாட் கேன் இட் பீ யூஸ்ட் ஃபார்?” பதிலை இன்றே பழகிக்கொள்ளுங்கள், ஏலக்காயிலிருந்து தொடங்குங்கள்: “இட் கேன் பீ யூஸ்ட் இன் டீ, இன் பாயசம், அண்ட் இன் பிரியாணி.”