கம்பைலர் ஏன் தாமதிக்கிறது?

ஜென்டூ லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில், பெரும்பாலான மென்பொருள்களை மூலநிரலிலிருந்து நம் கணிப்பொறியிலேயே ஆக்கிக்கொள்கிறோம். நிரலை இயந்திர மொழியாக மாற்றுவது, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் முதன்முதலாக வெளியிட்ட ஜி.சி.சி. கம்பைலர். அதன் புதிய பதிப்பை ஆக்க மணிக்கணக்காவது ஏன்?

முதலாவது, அது தன்னைத்தானே மும்முறை ஆக்கி, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுகிறது. இது வீண் தாமதமன்று. கம்பைலர் பிழையானால் அது ஆக்கும் யாவும் பிழைபடுமன்றோ?

இரண்டாவது, நினைவகப் பற்றாக்குறை. ஒரே வேளையில் நடக்கும் பணி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2 ஜிகாபைட் வேண்டும். 8 ஜிகாபைட்டில் எட்டுப் பணிகளை ஏவினால் நினைவகம் நிரம்பி, மெதுவான வட்டின் துணையை நாட நேரும். ‘ஃப்ரீ’ என்னும் கட்டளை இதைக் காட்டிவிடும். ‘மேக்ஆப்ட்ஸ்’ அமைப்பில் எட்டை நான்காக்கினால் தவிப்பு நீங்கும்.

ஆகவே சலித்துக்கொள்ளாமல், காக்கும் தாமதம் எது, களையத்தக்க தாமதம் எது என முதலில் பகுத்தறிவோம்.